பாதை இல்லாத பாறையில் அப்பாவோடு

நம் நாட்டில் மலையேறும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதை ஒரு கவலையே இல்லை. விடியற்காலையில் புரோகா குன்றில் ஏறினால், முன்னால் போகிறவரின் கைவிளக்கு வெளிச்சமே நம்மை மேலே கொண்டு சேர்த்துவிடும். கினபாலு மலையின் கடைசிக் கட்டத்தில் வெறும் கருங்கல் பாறைதான். ஆனால் அங்கும் உச்சிவரை கயிறு போட்டிருக்கிறார்கள். கூடவே வழிகாட்டியும் வருவார். கயிற்றோடு ஒட்டி நடந்தால் 4,095 மீட்டர் உயரத்தில் போய் நிற்கலாம்.

கயிறு இல்லை, வழிகாட்டி இல்லை, காலடித் தடம்கூட விழாது. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் கடந்த அக்டோபரில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸயன் தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதி அது. என்னோடு நடந்தவர் என் அப்பா. வயது 67. நான் அவரை அழைத்துக்கொண்டு போனேன் என்றுதான் உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். நடந்தது என்ன என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தங்கை லாஸ் வேகாசில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததால் அம்மா, அப்பா, நான் மூவரும் கோலாலம்பூரிலிருந்து போயிருந்தோம். அம்மாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. பேரனைக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், தூளி ஆட்டுவது என்று நாள் போனது. அப்பாவுக்குத்தான் ஒன்றுமில்லை. குழந்தையின் துணியை மடித்து வைப்பார். வாசல்வரை போய்க் கடிதப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். எதையாவது தூக்கப் போனால், “நீங்க உட்காருங்கப்பா” என்று ஒரு குரல் வரும். அவரும் உட்கார்ந்துவிடுவார்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறகு நில அளவை இலாகாவில் 31 ஆண்டுகள் வேலை செய்தார். அதிகாரி வேலை இல்லை. சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிற வேலை. சங்கிலி போய் இரும்பு நாடா வந்த பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாராங் கத்தியோடு காட்டுக்குள் புகுந்து, சர்வேயர் பார்ப்பதற்கு நேர்கோடாக வழி வெட்டுவார்கள். அந்தக் கோட்டுக்கு அவர்கள் ‘ரெந்திஸ்’ என்பார்கள். பிறகு அளப்பார்கள், முளை அடிப்பார்கள், எல்லைக் கல் நடுவார்கள். அட்டைக் கடியும் சேறுமாக வீட்டுக்கு வரும் அப்பாவைத்தான் சின்ன வயதில் எனக்குத் தெரியும்.

ஸயனுக்குப் போகலாம் என்று நான் சொன்னதும், “எவ்வளவு நடக்கணும்?” என்று மட்டும் கேட்டார். ஆறேழு கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 300 மீட்டர், ஆனால் பாதை கிடையாது என்றேன். “பாதை இல்லைன்னா பரவாயில்லை. வெட்டிக்கலாம்” என்று சிரித்தார்.

தங்கைக்கு இதில் சம்மதமே இல்லை. “அண்ணா, அப்பாவுக்கு முட்டி வலி. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த இடத்துல போன்கூட எடுக்காது” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. அதனால் கணக்காக ஏற்பாடு செய்தோம். மழை இல்லை என்று வானிலை அறிக்கையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். மணற்பாறை நனைந்தால் வலுவிழக்கும். பிடித்த விளிம்பு கையோடு பெயர்ந்து வரும். பள்ளங்களில் திடீர் வெள்ளமும் வரலாம். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், நெத்திலிச் சம்பல் தடவிய ரொட்டி, தலைவிளக்கு, இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடம். எந்தப் பகுதியில் நடக்கப் போகிறோம், எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் அவள் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பகல் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்பிவிடுவோம் என்பது தங்கை போட்ட நிபந்தனை. அம்மா பையில் தைலத்தை வைத்தார்.

விடியுமுன் கிளம்பினோம். இரண்டரை மணி நேரப் பயணம். யூட்டா எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடிவிடுகிறது. ‘ஸயன்’ என்பது விவிலியத்தில் வரும் சீயோன்தான். இங்கே குடியேறிய மோர்மன் சமயத்தார் வைத்த பெயர். அவர்களுக்கு வெகு காலம் முன்பே தென் பையூட் பழங்குடியினர் வாழ்ந்த மண் இது. 1909இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தபோது, பூர்வகுடிச் சொல்லைத் தழுவி ‘முக்குந்துவீப்’ என்றுதான் பெயரிட்டிருந்தார்கள். ஸயன் தேசியப் பூங்கா ஆனது 1919இல். “முகுந்தன்னு சொல்ற மாதிரி இருக்கே” என்றார் அப்பா.

பெரும்பாலான பயணிகள் பெரிய பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் வளைந்து வளைந்து ஏறும் சாலையில் போய் மலையைக் குடைந்த சுரங்கப் பாதைக்குள் நுழைந்தோம். 1930இல் திறந்த சுரங்கம். நீளம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். உள்ளே விளக்கு இல்லை. வெளிச்சத்துக்காகப் பாறைச் சுவரில் சன்னல் போலத் திறப்புகள் விட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் உலகமே மாறிவிடுகிறது. செங்குத்துச் சுவர்கள் மறைந்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பாறை மேடுகள் அலையலையாகக் கிளம்புகின்றன. சரவாக் கேக் லாப்பிஸைச் சாய்த்து வெட்டி அடுக்கியது போல ஒவ்வொரு மேட்டிலும் மெல்லிய வரிகள்.

அந்த வரிகள் காற்று வரைந்தவை. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் மாபெரும் மணல் பாலைவனமாக இருந்தது. காற்று மணலைக் குன்றின் மேலே தள்ளி மறுபக்கச் சரிவில் கொட்டும். சரிவின் மேல் சரிவாகப் படிந்த மணல், பின்னர் தாதுக்களால் ஒட்டிக் கல்லாக இறுகியது. நவாஹோ மணற்பாறை என்று இதற்குப் பெயர். ஸயனில் இதன் தடிமன் சில இடங்களில் 600 மீட்டரைத் தாண்டும். நம் இரட்டைக் கோபுரத்தின் உயரமே 452 மீட்டர்தான். அப்பா பாறையைத் தடவி விரலைக் காட்டினார். பொடி மணல் ஒட்டியிருந்தது. “கல்லுன்னு பேருதான். இன்னும் மணலாத்தான் இருக்கு” என்றார்.

காரைச் சாலையோர நிறுத்தத்தில் விட்டு ஒன்பதே காலுக்கு நடக்க ஆரம்பித்தோம். இந்த வகைப் பாறைக்கு அங்கே ‘ஸ்லிக்ராக்’ என்று பெயர். வழுக்குப் பாறை என்று பொருள். லாடம் அடித்த குதிரையும் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரமும் வழுக்கியதால் வந்த பெயர் என்கிறார்கள். ரப்பர் அடிக் காலணிக்கு அது வழுக்காது. உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். முதல் சரிவில் தயங்கிய அப்பா பத்து நிமிடத்தில் பாதத்தை முழுதாகப் பதித்து நடக்கப் பழகிவிட்டார். பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் மணல்தான் ஆபத்து. தரையில் சிந்திய ரவைமேல் கால் வைத்தது போல உருட்டிவிடும்.

கால் மணி நேரம் போனதும் அப்பா குனிந்து கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார். திரும்பி வர அடையாளம் வேண்டாமா என்றார். இங்கே நாமாகக் கல் அடுக்கக் கூடாது என்று விளக்கினேன். ஒருவர் வைத்த கல்லை நம்பி இன்னொருவர் தவறான பள்ளத்தில் இறங்கிவிடலாம். தவிர, கல்லுக்கு அடியில் வாழும் சின்ன உயிர்களின் வீடும் போய்விடும். அவர் கையிலிருந்த கற்களை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“அப்ப வெட்டவும் கூடாது, கல்லும் வைக்கக் கூடாது.”

“ஆமாப்பா.”

“சரி, அப்ப பின்னாடி பார்த்துக்கிட்டே போவோம்.”

நில அளவையில் ஒரு முறை உண்டு என்று அப்பா சொன்னார். சர்வேயர் கருவியை ஒரு புள்ளியில் நிறுத்தியதும் முன்னால் பார்க்க மாட்டார். முதலில் திரும்பி, விட்டு வந்த புள்ளியைப் பார்ப்பார். அந்தப் புள்ளியோடு கருவியைப் பொருத்திய பிறகுதான் அடுத்த புள்ளிக்குத் திருப்புவார். “பின்னாடி பார்த்தது சரியா இருந்தாத்தான் தம்பி, முன்னாடி பார்க்கிறதுக்கு அர்த்தம்.”

அன்று முழுவதும் அப்படித்தான் நடந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பார். போகும்போது ஒரு மாதிரி தெரியும் மேடு, வரும்போது அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அதனால் திரும்பி வரும் முகத்தைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். இரட்டைத் தலை மரம். ஆட்டுக்கல். தண்ணீர் வழிந்து கறுப்புக் கோடு விழுந்த சுவருக்கு ‘மை கொட்டின சுவர்’. அடுத்த இடத்தில் நிற்கும்போது அதுவரை வைத்த பெயர்களை என்னைச் சொல்லச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தது நினைவுக்கு வந்தது.

அந்த இரட்டைத் தலை மரம் ஒரு பாண்டரோசா பைன். ஒரு பிடி மண்கூடக் கண்ணுக்குத் தெரியாத பாறை வெடிப்பில் வேர் விட்டு நின்றது. பட்டையில் மூக்கை வைத்தால் வெண்ணிலா வாசம் வரும் என்றேன். அப்பா நம்பவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, “பிஸ்கட் வாசனை” என்றார்.

மேடுகளுக்கு நடுவே மண் சேர்ந்த இடங்களில் கறுப்பாக, மொரமொரவென்று ஒரு படலம் இருக்கும். பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும். ஆனால் அது உயிருள்ளது. நுண்ணுயிரிகளும் பாசியும் கற்பாசியும் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. மண் காற்றில் பறக்காமல் காப்பதும், செடிக்கு உரம் சேர்ப்பதும் அதுதான். ஒருமுறை மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே பாதை இல்லாத இடம் என்றாலும், நினைத்த இடத்தில் கால் வைக்க முடியாது. பாறைமேல் நடக்கலாம், வெள்ளம் ஓடிக் காய்ந்த மணல் ஓடையில் நடக்கலாம். அவ்வளவுதான். அதற்காகவே பலமுறை சுற்றிப் போனோம். காட்டில் வழி வெட்டியே பழகிய அப்பா, தவழும் குழந்தையைத் தாண்டுவது போல அந்தக் கறுப்பு மண்ணைத் தாண்டித் தாண்டிப் போனார்.

ஒரு சரிவில் அம்மிக்குழி மாதிரி பள்ளங்களில் மழைநீர் தேங்கி நின்றது. இத்தகைய குழிகளில் சின்னஞ்சிறு இறால் வகைகள் வாழ்கின்றன. தண்ணீர் வற்றினால் அவற்றின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வியர்வையும் வெயிலுக்குப் பூசிய களிம்பும் அவற்றுக்கு ஆகாது என்பதால் கையை நனைக்கவில்லை. இன்னும் மேலே, ஐந்து காட்டு ஆடுகள் எங்களை நின்று பார்த்தன. சுருண்ட கொம்புள்ள இந்த ஆடுகள் ஒரு காலத்தில் ஸயனில் அழிந்துபோய், 1970களில் மீண்டும் கொண்டுவரப்பட்டவை. நாங்கள் கையூன்றி ஏறிய இடத்தை நான்கே எட்டில் கடந்து போய்விட்டன.

பன்னிரண்டு மணிக்கு முகட்டுக்குக் கீழே வந்துவிட்டோம். வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை. உச்சிக்கு இன்னும் ஒரு சரிவுதான் மீதம். வழவழப்பான வெள்ளைப் பாறை. செங்குத்து இல்லை, ஆனால் பிடிக்க விளிம்பும் இல்லை. ஏறிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் மட்டும் பத்தடி ஏறினார். நின்றார். திரும்பி, மெதுவாக இறங்கி வந்தார்.

“ஏறலாம். ஆனா இறங்குறப்ப மணல் உருண்டுச்சுன்னா பிடிக்க ஒன்னுமில்லை. கீழ பாரு.”

பார்த்தேன். சரிவு கீழே வளைந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் மறைந்தது. மணற்பாறையில் மலையேறுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: ஏறிய எல்லா இடத்திலும் இறங்க முடியாது. ஏறும்போது முகம் பாறையைப் பார்த்திருக்கும்; இறங்கும்போது பள்ளத்தைப் பார்க்கும். அப்பா அந்தப் புத்தகங்கள் எதையும் படித்ததில்லை. பத்தடியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“போதும்னு நினைச்சா இங்கேயே சாப்பிட்டுத் திரும்பிடலாம்பா” என்றேன். எனக்கு அவர் முட்டியைப் பற்றிய கவலை. தங்கையின் முகமும் கண்முன் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வலது பக்கம் முகடு தாழ்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல? அந்தப் பள்ளமான இடத்துல புதர் நிக்குது பாரு. புதர் நிக்கிற இடத்துல நாமும் நிக்கலாம்.”

சுற்றிக்கொண்டு போனோம். சரிவின் குறுக்கே, ஒரே உயரத்தில், பாறையின் வரிகளையே படியாக வைத்து நடந்தோம். மான்சனிட்டா புதர்கள் முளைத்திருந்த தாழ்வான இடுக்கு வழியே மெல்ல ஏறினால், முகட்டின் முதுகு அகலமாக, மொட்டை மாடி போல விரிந்தது. மணி 12.50.

மேற்கே கிழக்குக் கோயில் என்று பெயர் சூட்டப்பட்ட பெரும்பாறை. பெரிய பள்ளத்தாக்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கிழக்கு, எங்களுக்கு மேற்கு. தென்கிழக்கில் செக்கர்போர்ட் மேசா. அதில் குறுக்கே ஓடும் கோடுகள் பழைய மணற்குன்றின் அடுக்குகள். நெடுக்கே ஓடுபவை குளிரிலும் வெயிலிலும் பாறை சுருங்கி விரிந்து விழுந்த வெடிப்புகள். இரண்டும் சேர்ந்து தாயக்கட்டம் போட்டது போல இருக்கும். நாங்கள் வந்த சாலை எங்கோ கீழே சிவப்பு நூலாகக் கிடந்தது. கார் போகும் சத்தம் இல்லை. காற்றுகூட அப்போது இல்லை.

சம்பல் ரொட்டியைச் சாப்பிட்டோம். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் சங்கிலி பிடிச்சு நடந்த காடெல்லாம் இப்ப தாமான். வீடு, கடை, பள்ளிக்கூடம். நாங்க வெட்டின ரெந்திஸ் இப்ப ரோடு. எல்லைக் கல்லு மட்டும் எங்கேயாவது வேலியோரம் புதைஞ்சு கிடக்கும். யாரு நட்டதுன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாது.”

வருத்தமாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

“இங்க ஒன்னும் நடாம வந்திருக்கோம். இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

இறங்கும்போதுதான் காலையில் போட்ட கணக்குக்குப் பலன் கிடைத்தது. வெயில் மேற்கே சாய, காலையில் வெள்ளையாகத் தெரிந்த சுவர் மஞ்சளாகிவிட்டது. நிழல்கள் இடம் மாறிவிட்டன. மூன்று ஓடைகள் கூடும் ஓரிடத்தில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தேன். உயரமான சுவர்களுக்கு நடுவே வரைபடத்தில் எங்கள் நீலப் புள்ளி எதிர்ச் சுவருக்குத் தாவியது, திரும்ப வந்தது, மறுபடி தாவியது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “மை கொட்டின சுவரு இடது தோள் பக்கம். ஆட்டுக்கல் அதுக்கு முன்னாடி. அப்படின்னா வலது ஓடை” என்றார். வலது ஓடையில் இருநூறு அடி நடந்ததும் ஆட்டுக்கல் தெரிந்தது. நேராகப் பார்த்தால் அது ஆட்டுக்கல் மாதிரி இல்லை. காலையில் திரும்பிப் பார்த்த பக்கத்திலிருந்து மட்டும்தான் அப்படித் தெரியும். அதைக் கடந்ததும் இரட்டைத் தலை மரம். நான்கு மணிக்குச் சாலையைத் தொட்டோம். தண்ணீரில் ஆளுக்கு அரை லிட்டர் மீதம் இருந்தது. முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். “வலிக்குது” என்று சொல்லிவிட்டுத் தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டார். சிக்னல் கிடைத்ததும் தங்கையை அழைத்தோம்.

வாசகர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு வரலாம். முதல் முறை போகிறவர்கள் பழகியவர்களோடு போங்கள். மழை அறிகுறி இருந்தால் போகவே வேண்டாம். இறங்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஏறாதீர்கள். கைப்பேசியை மட்டும் நம்பாமல், நின்று நின்று திரும்பிப் பாருங்கள். வீட்டில் நடக்கக்கூடிய பெரியவர் இருந்தால் அவரையும் கேட்டுப் பாருங்கள். அவர் செய்த தொழிலில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அப்பா அந்த வழியை வரைந்தார். மூலையில் முதலில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. பிறகு ஒவ்வொரு அடையாளமும், அதற்கு வைத்த பெயரும், நடந்த நிமிடமும். நாங்கள் ஏறாமல் விட்ட வெள்ளைச் சரிவில் ஒரு பெருக்கல் குறி. மாமனாரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத தங்கையின் கணவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. இந்த இடத்தை எனக்கும் காட்டுறீங்களா?”

“காட்டுறேன் மாப்பிள்ளை. நாலு லிட்டர் தண்ணி தூக்குவீங்களா?” என்று கேட்டார் அப்பா.